முளைக் கணக்கு

கோகாத் வீட்டாருக்குப் பெட்டி,
பொன் மேசை, குத்துவிளக்கு.
தோளில் மட்டுமே தூக்க வேண்டும்.
கெர்சோன் வீட்டாருக்குத் திரைகள்.
மெராரி வீட்டாருக்கு
பலகை, தாழ்ப்பாள், தூணின் பாதம்,
முளை, கயிறு,
கூடவே நாலு வண்டியும் எட்டு மாடும்.
பாரம் அவ்வளவு.

எந்தக் குடிக்கு எந்தத் திருவிழா என்று
திருக்கோவிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.
லேவியரும் அப்படித்தான்.
எங்களுக்குக் குடி தாய்வழி,
அவர்களுக்குத் தகப்பன்வழி.

கோமாரியில் எங்களுக்கு மாடுமில்லை வண்டியுமில்லை.
லோகிதன் அண்ணரின் லேன்ட்மாஸ்டர் இருந்தது,
டீசல் கிடைத்த நாட்களில்.

கடல் வந்துபோன மூன்றாம் கிழமை
நீல எழுத்துப் போட்ட வெள்ளைத் தறப்பாளில்
ஆலயம் எழும்பியது.
போதகர் வேலை பிரித்தார்.
திருவிருந்துக் கிண்ணம் மூப்பர் வீட்டுக்கு.
பாய்கள் வாலிபர் சங்கத்துக்கு.
என் புருசன் பூபாலரெத்தினத்துக்கு
முளைகள், முப்பத்திரண்டு.
மேசன் கை.
இடிந்த வீடுகளின் கம்பியை வெட்டி
அவரே வளைத்தவை.

மணலில் முளை நிற்காது.
யூரியாப் பையில் மணல் நிரப்பி
அதன் கழுத்தில் முளையைக் குறுக்கே கட்டி
இடுப்பளவு ஆழத்தில் தாட்டார்.
வாடைக்கு அசையவில்லை.
பிரசங்கம் நடக்கையிலும் வெளியில்தான் நின்றார்,
கயிற்றில் இரண்டு விரல் வைத்து
நாடி பார்க்கிற பரியாரி போல.

மூன்று தரம் இடம் மாறினோம்.
பள்ளிக்கூட மைதானம்,
ஊறணிப் பக்கம் ஒரு சோளக் காணி,
பிறகு றோட்டோரம்.
கழற்றும் போதெல்லாம்
எண்ணால் அல்ல, பேரால் எண்ணினார்.
குணமணி. தவநேசன். பெரிய ரூபவதி. சின்ன ரூபவதி.
முதலில் சிலர் சிரித்தார்கள்.
நாலைந்து பேர் வந்தபின் சிரிப்பு நின்றது.

"இரும்புக்கு என்னத்துக்குப் பேர்?" என்றேன்.
"இலக்கமெண்டா ஒண்டு குறைஞ்சாலும்
ஆரும் தேட மாட்டாங்க" என்றார்.

பதினேழாவதை எடுக்கும் போது
நான் அங்கே நிற்பதில்லை.
தண்ணிக் குடம் நிரம்பியிருந்தாலும்
எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவேன்.

பிறகுதான் வாசித்தேன்,
மெராரியாரின் சாமான்களைப் பற்றி
மட்டும் அப்படி எழுதியிருப்பதை:
ஒவ்வொன்றையும் பேர் சொல்லி ஒப்படை.
பொன் தொலையாது,
எல்லார் கண்ணும் அதன்மேல்தான்.
தொலைவது முளை.

லேவியருக்குக் காணியில் பங்கில்லை.
எனக்கு உறுதி இருந்தது,
அம்மா சீதனமாய்த் தந்த வளவு,
பதினெட்டுத் தென்னை.
கடற்கரையிலிருந்து இருநூறு மீற்றருக்குள்
கட்டக்கூடாது என்றார்கள்.
சரி என்று கையெழுத்து வைத்தேன்.
எனக்குப் பின் அந்த வளவு
போய்ச் சேர வேண்டிய கையும் இல்லை.

கல்லால் ஆலயம் கட்ட நாள் குறித்தபோது
தாவீது லேவியருக்குச் சொன்னானாம்,
இனி நீங்கள் சுமக்க வேண்டியதில்லை என்று.
மெராரி வீட்டில் ஒருவன்
வெண்கலத் தாளம் தட்டப் போனான்.
ஒருவனுக்கு மேற்கு வாசல் காவல்.
முளைகளை என்ன செய்தார்கள்?
தேடிப் பார்த்தேன், எழுதவில்லை.

எங்களுக்கும் கல் வந்தது,
சீமெந்து வந்தது,
உபகாரிகளின் பேர் வெட்டிய பளிங்கு வந்தது.
தூண்களுக்குக் குழி வெட்டிய அன்று
பூபாலரெத்தினம் சாக்கோடு போய்
ஒவ்வொரு பாதத்திலும் குனிந்து
பேர் சொல்லிச் சொல்லிக் கம்பியோடு கட்டினார்.
கொங்கிறீற் ஊற்றினார்கள்.
நான் தள்ளி நின்று கேட்டேன்.
முப்பத்தொரு பேர்.

இப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு.
லேவியன் என்றால் ஓய்வு கொடுத்திருப்பார்கள்.
றோட்டுப் பக்கத்துக் கேற்றில் நிற்கிறார்,
மோட்டார் சைக்கிள்களை வரிசையாய் விடச் சொல்லி
இளந்தாரிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு.
அந்தக் கேற்றின் தாழ்ப்பாள்
கடையில் வாங்கியதல்ல.
எது என்று அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

பின்னேர ஆராதனைக்கு
முதலில் போய்த் திறப்பது நான்.
கையில் சுடும்.
மேற்கு வாசல்,
வெயில் அங்கேதான் கடைசியாய் நிற்கும்.