டெபாசிட் ஐந்நூறு

எம்.சி. ரோட்டுக்குப் பின்னால்
பனியன் கடைக்கும் ஜிகினா கடைக்கும் நடுவே
மாடிப்படிக்குக் கீழே என் கடை.
ஜனவரி பிறந்தால் ஆண்டுவிழா சீசன்.
கத்தரிக்காய் ஏழு, போலீஸ் நான்கு,
புலி இரண்டு (ஒன்றுக்கு வாலில்லை),
ராட்சசன் ஒன்று,
இளவரசி பதினெட்டு.

இளவரசிக்கு ஒருநாள் வாடகை முந்நூற்றைம்பது.
டெபாசிட் ஐந்நூறு.
கறை பட்டால் பிடித்துக்கொள்வேன்.

பதினெட்டும் ரோஸ் கலர்.
கூடவே தங்கநிறச் சவுரி,
முழங்கைக்கு மேல் ஏறும் கையுறை.
'தோல் தெரியாது பாருங்க' என்று
விற்றவன் சொல்லிக் கொடுத்தான்.
பன்னிரண்டு வருஷமாக
நானும் அதையே சொல்லி விடுகிறேன் வாடகைக்கு.

'இன்னாக்கா, பவுடரு எத்தினி கோட்டு அடிக்கணும்?'
'கழுத்துக்கும் சேர்த்து அடி,
இல்லாட்டி மூஞ்சி மட்டும் தனியாத் தெரியும்.'

திரும்பி வரும் கௌனின் கழுத்துப்பட்டையில்
எப்போதும் ஒரு கோடு.
பவுடரும் வேர்வையும் குழைந்த வெள்ளைச் சேறு.
சோடா உப்பில் ஊறவைத்துத் தேய்த்தால்
ஒரு பிள்ளை ராணியாய் இருந்த ஆறு நிமிஷம்
பக்கெட்டில் பால்போலக் கலங்கும்.

எனக்கும் தெரியும் கதை.
ஏழு கடல், ஏழு மலை, ஒரு மரம், ஒரு கூண்டு,
கிளியின் கழுத்துக்குள் ராட்சசனின் உயிர்.
பத்தொன்பது வயதில் என் உயிரை
நானே கொண்டுபோய்
எண்ணூர்க்காரன் ஒருவனின் போனுக்குள் வைத்தேன்.
அவன் எடுத்தால் எனக்கு மூச்சு வரும்.
குதிரையில் வரவில்லை அவன்.
ஷேர் ஆட்டோவில், டிரைவருக்குப் பக்கத்தில்,
பாதி உடம்பு வெளியே தொங்க வந்தான்.
அதில் எனக்குக் குறையில்லை.
ராட்சசன்கூட
யாராவது நச்சரித்த பிறகுதான்
கிளி இருக்கும் இடத்தைச் சொல்கிறான்.
நான் கேட்காமலே சொன்னேன்.

போன செவ்வாய் பெனிட்டா வந்தாள்.
பனைமரத்தொட்டி, இரண்டாம் வகுப்பு.
அம்மா ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்.
கௌனைத் தள்ளிவிட்டு
ராட்சசனின் கொம்பைத் தொட்டாள்.
'மிஸ் உனக்கு ராணின்னு சொல்லிட்டாங்கடி.'
'ராணி மூணு சீனும் தூங்கினே கீறா.
டயலாக்கே இல்ல.
கடைசில அவன் வந்து கையப் புடிச்சாத்தான் எழுந்துக்கணுமாம்.'
'அதுக்கு இன்னா இப்போ?'
'அதுக்குள்ள மூச்சா வந்தா?'

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.
கௌனின் இடுப்புப் பக்கம் தடவித் தடவிப் பார்த்தாள்.
'பாக்கெட்டு எங்க?'
'ராணிக்கு எதுக்குடி பாக்கெட்டு?'
'படுத்தினே இருந்தா பசிக்கும்ல.'

இளவரசன் உடுப்பில்
வாள் சொருக பெல்ட் உண்டு, பாக்கெட் இரண்டு உண்டு.
எத்தனை தடவை இஸ்திரி போட்டிருக்கிறேன்,
கண்ணில் பட்டதே இல்லை.

ராத்திரி கரண்ட் போய் வந்தபின்
வாலில்லாத புலியை வெட்டினேன்.
ரோஸ் கௌனின் உள்பக்கம்
உள்ளங்கை அகலத்தில் மஞ்சளும் கறுப்புமாய் ஒரு பை.
கையுறையை எடுத்து வைக்கவில்லை.
அவள் அம்மா கவனிக்கவில்லை.
கவனித்துவிட்டுப் பேசாமலும் போயிருக்கலாம்.

சனிக்கிழமை கௌன் திரும்பி வந்தது.
கழுத்தில் அதே வெள்ளைக் கோடு.
யார் அடித்துவிட்டார்களோ.
பாக்கெட்டுக்குள் பாதி தின்ற கடலைமிட்டாய்,
மூன்று எறும்பு,
அட்டை வாளின் உடைந்த நுனி.

சண்டையோ விளையாட்டோ, நான் கேட்கவில்லை.
வாள் என் கடையுடையது இல்லை.
மிட்டாய்க் கறை இருந்தது, பிடிக்கவில்லை.
ஐந்நூறையும் எண்ணிக் கொடுத்தேன்.

இன்னும் பதினேழு கௌன் பாக்கி.
புலித்துணி தீர்ந்துவிட்டது.
நான்கு போலீஸையும் இறக்கி
மெஷின்மேல் போட்டு வைத்திருக்கிறேன்.