கணக்கில் வராத மைல்

வண்டி வாங்க வந்தவன் முதலில் பார்த்தது டயரை.
"முப்பத்தைந்து அங்குலமா?" என்றான்,
குதிரைக்குப் பல் பார்ப்பவன்போல் குனிந்து.
எல்கோவில் ஆண்கள் இப்படித்தான்.
கம்பெனி போட்டுத்தந்த நாலையும் கழற்றிவிட்டு
இந்த நாலையும் மாட்டிய அன்று
என் தம்பி பேன்யாத்
வண்டியை மூன்று முறை சுற்றி வந்தான்.
ஏற எனக்குக் கால் எட்டவில்லை.

முதல் செலவு அபராதம்.
முள் அறுபத்தைந்தில்தான் நின்றது, சத்தியமாய்.
எழுபத்திரண்டு என்றாள் ரோந்துக்காரி.
பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தரை விழுங்கும்;
மீட்டருக்குச் சுற்று மட்டும்தான் தெரியும்.
அபராதச் சீட்டின் பின்பக்கம்
பேன்யாத் வகுத்துப் பார்த்துச் சொன்னான்:
மீட்டருக்குப் பத்து என்றால் நமக்குப் பதினொன்று.
ஏதோ லாபம் வந்ததுபோல் சொன்னான்.

அப்புறம் ஜூன், மலை மேய்ச்சல்,
டிரெய்லரில் முப்பது ஆடு.
சமவெளியில் உறுமிய எஞ்சின்
மேட்டில் கியர் தேடியது,
ஐந்து, நான்கு, ஐந்து, நான்கு,
தூக்கம் வராதவன் புரள்வதுபோல்.
எஞ்சின் அதேதான், பலமும் அதேதான்.
நெம்புகோலின் நீண்ட பக்கம்
மலையின் கைக்குப் போயிருந்தது.
சூடு காட்டும் முள் ஏற, ஏசியை அணைத்தேன்.
ஆடுகள் கத்தின. நானும்.

இறக்கத்தில், பிரேக்கை மிதித்தால்
யோசித்துத்தான் நின்றது.
சக்கரத்துக்குப் பன்னிரண்டு கிலோ கூடுதல்,
அதுவும் சுழல்கிற பன்னிரண்டு கிலோ.
எனக்குத் தெரிந்த பாஸ்க் வசவு அத்தனையும்
அன்று மலை கேட்டது.

பின் அச்சின் பல்சக்கரத்தை மாற்றினோம்,
ஆயிரத்தெண்ணூறு டாலர்.
மேடு மறுபடி வெறும் மேடானது.
மீட்டரைத் திருத்தக் காசில்லை.
மனசாலேயே கூட்டி ஓட்டப் பழகினேன், ஐந்து வருஷம்.

வந்தவன் இப்போது மீட்டரைப் பார்க்கிறான்,
கம்மியாய்த்தான் ஓடியிருக்கிறது என்று
முகத்தை மலரவிடாமல் வைத்துக்கொள்கிறான்.
"இன்னும் நாலாயிரத்து இருநூற்று எண்பது சேர்த்துக்கொள்."
"யார் கேட்டார்கள்?" என்று சிரித்தான்.
சிரித்துக்கொண்டே நானூறு டாலர் குறைத்தான்.

குறைக்கட்டும்.

ரூபி பள்ளத்தாக்கில் பனி உருகிய மார்ச்,
குதிரை உதைத்து இடுப்பு உடைந்து
பின் இருக்கையில் பேன்யாத்.
பாதை இருந்த இடத்தில் சேறு.
நாலு டயரிலும் காற்றைப் பாதியாய் இறக்கினேன்.
அவை பரந்து படுத்து
ஒட்டகக் குளம்பாய் மேலேயே நடந்தன.
தார்ச்சாலை வரைக்கும் பதினோரு மைல்.
மீட்டர் பத்துதான் எழுதியது.

அது எழுதாத மைலில்தான்
கண்ணைத் திறந்து அவன் கேட்டான்:
"எவ்வளவு காற்று வைத்திருக்கிறாய்?"