கேட்கக்கூடாத ஆறு மாதம்

பனிவாரும் வண்டி இடித்துச் சாய்த்த கம்பத்தில்
என் தபால்பெட்டி வாய் பிளந்து நிற்கிறது.
இன்று பதினோரு உறைகள்.
ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பல் சிரிப்போடு
டென்னிஸ் மட்டை பிடித்த ஒரு ஜோடி.
இஷ்பெமிங்கில் ஏப்ரலிலும் முழங்கால் பனி.
இங்கே யாரும் டென்னிஸ் ஆடிப் பார்த்ததில்லை.

லோயிஸ் நீமி, ஜூலை வந்தால் அறுபத்தைந்து.
இருபத்தெட்டு ஆண்டு பள்ளிப் பேருந்து ஓட்டினேன்,
ஏ பி சி டி என்று பின்னிருக்கைகள் கத்துவதைக் கேட்டபடி.
இப்போது என் முறை:
ஏ என்றால் ஆஸ்பத்திரிக் கட்டில்,
பி என்றால் டாக்டர்,
சி இரண்டையும் சேர்த்துக் கட்டிய மூட்டை,
டி மாத்திரை.
அப்புறம் ஜி என்று ஒன்று.
அது பகுதி இல்லையாம், திட்டமாம்.
பகுதி வேறு, திட்டம் வேறு.
சரி.

தங்கை டோரீன் மூட்டையை எடுத்தாள்.
பிரீமியம் பூஜ்யம்.
அந்தப் பூஜ்யத்தை எவ்வளவு கொழுகொழுவென்று
அச்சடிக்கிறார்கள்!
கண்ணாடி இலவசம், பல் பாதி இலவசம்,
அவள் ஒருநாளும் போகாத உடற்பயிற்சிக்கூடம் இலவசம்.
போன மாசி மழுங்கலில் அவள் புருஷனுக்கு
நெஞ்சு தடுமாறியது.
கிரீன் பேயில் இருக்கும் டாக்டர்
வலைக்கு வெளியே என்றார்கள் போனில்.
ஏரியில் உறைபனி துளைத்து மீன் பிடிக்கிற குடும்பம் எங்களுடையது.
மாட்டாமல் போனால் மீனுக்கு நல்லது.
டாக்டர் மாட்டாமல் போனால்
அனுமதிக் கடிதத்துக்குப் பத்தொன்பது நாள்.

நூலகத்தில் செவ்வாய்தோறும்
ஆர்வில் பெல்டியர் உட்கார்ந்திருப்பார்.
சுரங்கத்தில் நில அளவை பார்த்தவர்,
இப்போது சம்பளமில்லாமல் இதை அளக்கிறார்.
'இதை எடுங்கள் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
கணக்கைக் காட்டுவேன், அவ்வளவுதான்.'
காட்டினார்.
ஒரு பக்கம் இன்று பூஜ்யம், என்றாவது ஒருநாள் பள்ளம்.
மறு பக்கம் மாதம் நூற்று நாற்பது,
பனிவண்டியை விற்றால் ஒன்றரை வருஷம் தாங்கும்.
பிறகு கேட்புக்கருவியைத் திருகிவிட்டுச் சொன்னார்:
'பி தொடங்கிய மாதத்திலிருந்து ஆறு மாதம்.
துணைக் காப்பீடு விற்பவன் உங்கள் உடம்பைப் பற்றி
ஒரு கேள்வி கேட்கக்கூடாது.
ஏழாம் மாதம் கேட்கலாம்.
கேட்டுவிட்டு மறுக்கலாம்.'

நவம்பரிலிருந்து என் இடது கட்டைவிரல்
தானாக ஆடுகிறது.
ஸ்டியரிங்கில் அழுத்திப் பிடித்தால் அடங்கும்,
விட்டால் ஆடும்.
முட்டிவலி என்று சொல்லித்தான் சாவியை ஒப்படைத்தேன்.
கேக் வெட்டினார்கள்,
முட்டிக்குத் தைலம் பரிசளித்தார்கள்.
டோரீனிடம்கூடச் சொல்லவில்லை.
வீட்டுக்குள்ளும் கையுறை போட்டிருக்கிறேன்.

யாரும் கேட்கக்கூடாது, அது சட்டம்.
யாரும் கேட்கவில்லை,
அதற்குச் சட்டம் எதுவும் இல்லை.

பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.
நான் இடதுகைக்காரி.
ஜி என்ற எழுத்தருகே கட்டத்தில் குறி போட்டேன்,
கோடு கட்டத்தைத் தாண்டி ஓடியது.
கையெழுத்து என் கையெழுத்துப் போல இல்லை.
ஆர்வில் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல்
காகிதத்தின் மூலையை இரண்டு விரலால்
அசையாமல் பிடித்துக்கொண்டார்,
நான் 'நீமி'யை முடிக்கும்வரை.
'ரோடு வழுக்குகிறதே,' என்றார் பிறகு,
'நீங்களேதான் ஓட்டி வந்தீர்களா?'

நான் ஓட்டியது பற்றிச் சொல்ல ஆரம்பித்து
விரலைப் பற்றிச் சொல்லி முடித்தேன்.
நூலகம் மூட மணி அடித்தார்கள்.
அவர் எழுந்திருக்கவில்லை.

டி மட்டும் பாக்கி.
அதை வருஷா வருஷம் மாற்றிக்கொள்ளலாமாம்.
மாத்திரைகளைச் சொல்லச் சொன்னார்.
ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று.
மூன்றாவது வரி காலி.
'டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள்,
அடுத்த செவ்வாய் இங்கேதான் இருப்பேன்.
இதற்கு ஏதாவது குறித்துவைக்கட்டுமா?'

'பென்சிலால்,' என்றேன்.