ஒரு துடிப்பு குறைய

இரவு பதினொன்றே கால்.
கால்வாயில் படகு ஏதுமில்லை.
பாலத்தின் கண்காணிப்பு அறையில்
நானும் ஆறிப்போன காப்பியும்.
அப்போதுதான் அது வந்தது.
இரண்டு துடிப்பு ஒட்டிக்கொண்டு வந்தன.
பிறகு ஒன்றுமே இல்லை.
பிறகு உள்ளிருந்து யாரோ
கதவை ஓர் உதை விட்டார்கள்.

முப்பத்தோரு வருடமாக
இந்தப் பாலத்தைத் தூக்கி இறக்குகிறேன்.
மணி அடிக்கும், தடுப்புக்கட்டை விழும்,
சைக்கிள்காரர்கள் ஒற்றைக்கால் ஊன்றி நிற்பார்கள்,
சாலை எழுந்து வானத்தைப் பார்க்கும்.
நின்றதால் யாரும் செத்ததில்லை.
இதையெல்லாம் நெஞ்சுக்கு எடுத்துச் சொன்னேன்.
அது காது கொடுக்கவில்லை.

டாக்டர் தோர்ன்போஸ்
மார்பில் கம்பிகளை ஒட்டி
ஒரு நாள் முழுக்க என்னை உலவவிட்டார்.
"கூடுதல் துடிப்புகள். நானூற்றுப் பன்னிரண்டு.
இதயத்தில் பழுதில்லை, ஹார்ம்கே."
யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள் என்பதில்
எனக்கொரு சின்னப் பெருமை.

"மெக்னீசியம் சாப்பிடலாமா?"
தோளைக் குலுக்கினார்.
"சிலருக்குக் கேட்கிறது, சிலருக்கு இல்லை.
முதலில் சிறுநீரகத்தைப் பார்த்துவிடுவோம்."
ஹ்ரோனிங்கன் பக்கத்தில்
வாக்குறுதி என்றால் இவ்வளவுதான்.
இதற்கு மேல் ஒருவர் சொன்னால்
கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வோம்.

டப்பாவைப் பார்த்து வுப்போ சிரித்தான்.
விவாகரத்துக்குப் பிறகும்
வியாழக்கிழமைகளில் சூப்புக்கு வருகிறவன்.
"இதற்குக் காசு கொடுத்தாயா?
பத்தொன்பது வருடம் இதே உப்பை
பூட்ஸில் ஒட்டிக்கொண்டு வந்தேன்.
மிதியடியை உதறு, உதறு என்று கத்தினாய்."

உண்மைதான்.
எங்கள் உருளைக்கிழங்கு வயல்களுக்கு
ஒன்றரைக் கிலோமீட்டர் கீழே
ஒரு பழைய கடல் காய்ந்து படுத்திருக்கிறது.
தண்ணீரை உள்ளே செலுத்தி
அதைக் கரைத்து மேலே இழுப்பார்கள்.
இழுக்க இழுக்க நிலம்
யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் தாழும்.
எங்கள் சமையலறைச் சுவரில் விரிசல் வந்தபோது
அவன் உப்பைக் குறை சொன்னான்.
நான் அவனைக் குறை சொன்னேன்.

மாத்திரை தொடங்கி நான்காம் நாள்,
டப்பாவில் சிறிய எழுத்தில் இருந்ததை
வயிறு பெரிய எழுத்தில் வாசித்துக் காட்டியது.
கழிப்பறை அக்கரையில்.
பாலமோ வானத்தில்.
கீழே, சரளைக்கல் ஏற்றிய எண்பது மீட்டர்ப் படகு
ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவர் போல்
நிதானமாக வருகிறது.
மாலுமி தொப்பியை உயர்த்தி வணக்கம் சொல்கிறார்.
நானும் கையசைத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு,
எனக்குத் தெரிந்த எல்லாச் சங்கீதங்களையும்
வரிசை மாற்றிச் சொல்லியபடி.
அவர் கொடிக்கம்பம் கடந்ததும்
பாலத்தை இறக்கி
அதன் மேலேயே ஓடினேன், ஐம்பத்தாறு வயதில்,
மரப்பலகை அதிர அதிர.

திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான்
நினைவுக்கு வந்தது நெஞ்சு.
அது பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது,
யாரும் கவனிக்காத கடைநிலை ஊழியர் மாதிரி.

இப்போது பாதி மாத்திரை, சாப்பாட்டுக்குப் பின்.
காப்பியையும் ஒரு கோப்பையாகக் குறைத்துவிட்டேன்.
ஆகவே எது கேட்டது என்று
சத்தியம் செய்ய மாட்டேன்.
சில இரவு வருகிறது, பல இரவு வருவதில்லை.
வந்தால் விரலை மணிக்கட்டில் வைக்காமல்
ஜன்னலைத் திறந்து தண்ணீரைப் பார்க்கிறேன்.

நேற்று வந்தது.
ஒன்று, இரண்டு,
இல்லை.
தடுப்புக்கட்டைக்குப் பின்னால்
விளக்கை அணைக்காமல் ஒருவர்
சைக்கிளில் நின்றுகொண்டிருந்தார்.
பொறுங்கள் ஐயா என்றேன்,
அவருக்கா, எனக்கா,
தெரியவில்லை.