பங்கேற்பாளர் 17

நிமிடத்துக்கு ஒன்றரை திர்ஹம்.
முப்பத்துநான்கு பிள்ளைகள் பேசியதை
ரோலாவில், பலகை வைத்து மூன்றாய்த் தடுத்த அறையில்
ஹெட்போனை அழுத்திக்கொண்டு
தட்டச்சு செய்து கொடுத்தேன்.
பக்கத்துத் தடுப்பில் குழந்தைக்குச் சளி.
இருமலையும் சில இடங்களில் எழுதிவிட்டுப்
பிறகு அழித்தேன்.

விதிமுறை ஒன்றரைப் பக்கம்.
மூன்று வினாடிக்கு மேல் பேசாவிட்டால்
அடைப்புக்குறிக்குள் மௌனம்.
சிரித்தால், சிரிப்பு.
அழுதால் என்ன போடுவதென்று இல்லை.
கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன்.
மௌனம் என்றே போடச் சொன்னார்கள்.

பெயர் கிடையாது. எண்தான்.
புனைபெயரை அவரவரே வைத்துக்கொள்ளலாம் என்றதும்
ஒருத்தி நடிகை பெயர் சொன்னாள்,
ஒருத்தி தன் பூனையின் பெயர்.
பதினேழாமவள்,
"என் பேரையே போடுங்களேன், நல்லாத்தானே இருக்கு" என்றாள்.
சொன்னாள் அந்தப் பெயரை.
நல்லாத்தான் இருந்தது.
ரகசியம் காப்பேன் என்று
நீல மையில் கையெழுத்திட்டிருப்பதால்
இங்கேயும் அது வராது.

பிப்ரவரியில் கருத்தரங்கு.
பாலினம், கல்வி, இளைஞர் பண்பாடு.
ஷார்ஜாவின் பல்கலைக்கழகத் தெருவில்
குவிமாடம் வைத்த கட்டடம்,
மே மாதத்துக்கும் சேர்த்துக் குளிரூட்டிய அரங்கம்.
ஒருவர் கம்பளியே போர்த்தியிருந்தார்.
வாசலில் ஒரு தன்னார்வலப் பெண்
என் கழுத்தில் பெயர்ப்பட்டையை மாட்டிவிட்டாள்.
பேசவில்லை, வாயில் சூயிங்கம்.

மூன்றாம் அமர்வில், பதினொன்றாவது ஸ்லைடில்
அவள் வாக்கியம் வந்தது:

    அண்ணனுக்கு விசாவில் வயசு இருக்கு.
    எனக்குக் கல்யாணம் இருக்கு.

கீழே: பெண், பத்தொன்பது, தெற்காசியர்.
பேராசிரியர் ஒரு கணம் நிறுத்தினார்.
முன்வரிசையில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள்.
சார்ந்திருத்தலின் துயரம் என்று அடுத்த ஸ்லைடு,
அதற்கடுத்தது வட்டமாய் ஒரு படம்,
துண்டு போட்ட பீட்சா மாதிரி.

அதைச் சொல்லிவிட்டு அவள்
பதினோரு வினாடி சிரித்தாள்.
மூச்சு முட்டி, மேசையைத் தட்டி.
பேட்டி எடுத்தவரும் சேர்ந்து சிரித்தார்.
நான்கூட, ராத்திரி ஒரு மணிக்கு.
அடைப்புக்குறி போட்டுத்தான் அனுப்பியிருந்தேன்.

அழுதது வேறு இடம். இருபத்துமூன்றாம் நிமிடம்.
அண்ணனைக் கோவையில் கல்லூரிக்கு அனுப்பிய கதை.
இங்கேயே பிறந்தவன்,
ஆட்டோக்காரரிடம் பேரம் பேசத் தெரியாமல்
ஒரு மாசம் நடந்தே போனானாம்.
தேய்ந்த செருப்பை போட்டோ எடுத்து அனுப்பினானாம்.
அது எந்த ஸ்லைடிலும் இல்லை.
பையன்களைப் பற்றிய ஆய்வு வேறாம், அடுத்த ஆண்டாம்.

கேள்வி நேரம்.
பின்னாலிருந்து ஒரு குரல், நல்ல ஆங்கிலத்தில்:
அந்தப் பெண் இதைச் சொன்னபோது சிரித்தாளா, அழுதாளா,
பதிவில் எப்படி இருந்தது?

என் முதுகு நிமிர்ந்தது.
மொழி மாறலாம். அந்த 'ர'வில் இருக்கும் சின்னச் சொரசொரப்பு
முப்பத்தெட்டு நிமிடம்
என் காதுக்குள் குடியிருந்தது.
திரும்பினேன்.
சூயிங்கம்.

அருமையான கேள்வி என்றார் பேராசிரியர்.
நேரமாகிவிட்டது, சாப்பாட்டின்போது பேசலாம் என்றார் நெறியாளர்.

சாப்பாட்டின்போது பேராசிரியரைச் சுற்றி ஏழெட்டுப் பேர்.
அவள் வரிசையில் எனக்கு முன்னால்,
தட்டில் இரண்டு சமோசா, ஓர் ஆலிவ்.
கழுத்துப் பட்டை முறுக்கிக்கொண்டு
வெள்ளைப் பக்கம் தெரிந்தது.
அண்ணன் இப்போது ஆட்டோ பிடிக்கிறானா என்று
வாய் வரை வந்தது.

"அக்கா, அந்த சாஸை இப்படித் தள்ளுங்க" என்றாள், தமிழில்.
என் பட்டையைப் படித்திருக்கிறாள்.
தள்ளினேன்.
"வேற எதுவும் வேணுமா?" என்றாள்,
ஏதோ நான் கேட்கப்போவது போல என்னையே பார்த்துக்கொண்டு.

மூன்று வினாடிக்கு மேல் ஆகியிருக்கும்.