நூற்றுப் பன்னிரண்டு கிலோ

சோஹார். ஆண்கள் வார்டு, ஏழாம் கட்டில்.
கமீஸ் பின் ராஷித். வலப்பக்கம் விழுந்துவிட்டது.
நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
நான் ஐம்பத்து நான்கு.

"முழங்காலை மடக்குங்க, முதுகை நிமிர்த்துங்க,
சுமையை நெஞ்சோடு அணைச்சுக்கங்க."
இடுப்புப் பிடித்த லாரி டிரைவர்களுக்கு
நாளைக்கு எட்டு முறை சொல்லுகிற வாய் இது.
கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில்
முழங்காலை எங்கே மடக்க?
மனிதன் அரிசி மூட்டை இல்லை.
மூட்டை பாதி வழியில் பயந்து
கழுத்தைக் கட்டிக்கொள்ளாது.

வாஹித், இத்னேன், தலாத்தா.
மூன்றில் தூக்குவோம், நானும் ரூபெலும் ஜின்சி சிஸ்டரும்.
மூன்றுக்கும் தூக்கலுக்கும் இடையே
ஒரு மூச்சளவு நேரம் இருக்கிறது.
அதில்தான் ஜின்சியின் முதுகில் தட்டு நழுவியது.
சத்தமே இல்லை.
ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லியபடி
சுவரைப் பிடித்துக்கொண்டே போனாள்.
படிவம் நிரப்பவில்லை.
ஏப்ரலில் அவளுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கணும்.
நான் மட்டும் நிரப்பினேனா,
இடுப்பிலிருந்து இடது பெருவிரல் வரை
எறும்பு ஊர்ந்த மூன்று மாதமும்?
இரவில் அடுப்பு முன்னால் நின்றபடியே சாப்பிட்டேன்,
உட்கார்ந்தால் எழ வேண்டுமே என்று.

ஸ்டோர் ரூமில் ஒரு ஹோய்ஸ்ட் இருந்தது
நான்கு வருஷமாய், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.
பேட்டரி இல்லை.
அதன் கையில் யாரோ
ஈரத் துண்டு காயப்போட்டிருந்தார்கள்.

எங்கள் பக்கம் ரோட்டோரத்தில் சுமைதாங்கிக் கல் உண்டு.
வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளின் பேரில் நட்டது.
தலைச்சுமை இறக்க ஓர் இடம் வேண்டும் என்று
ஊருக்குத் தோன்றுவதற்கு
முதலில் ஒருத்தி சாக வேண்டியிருந்தது.

ஜின்சி சக்கர நாற்காலியில் விமானம் ஏறினாள்.
அடுத்த செவ்வாய்க்கிழமை பேட்டரி வந்தது.
கூடவே ஒரு சுவரொட்டி:
கையில் அட்டைப்பெட்டி, நேரான முதுகு,
சிரித்துக்கொண்டிருக்கிற ஓர் ஆள்.
அந்தப் பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை,
பார்த்தாலே தெரிந்தது.

கமீஸ் மாட்டேன் என்றார்.
வாயின் இடது ஓரத்தால், சொல் சொல்லாய்ப் பொறுக்கி:
கொக்கியில்... தொங்குவது... கனாத்.
கனாத் என்றால் நம்ம சீலா மீன்.
நாற்பது வருஷம் அவர்
தராசுக் கொக்கியில் மாட்டியது.
ரூபெல் கண்ணாலேயே கேட்டான்:
பழையபடி தூக்கிவிடலாமா?
என் காலில் எறும்புகள்
அப்படியே நின்று கேட்டன.

எப்படித் தோன்றியதோ.
காலியாய்க் கிடந்த எட்டாம் கட்டிலில் ஸ்லிங்கை விரித்து
செருப்பைக் கழற்றிவிட்டு நான் படுத்தேன்.
நான்கு வாரையும் ரூபெல் மாட்டினான்.
ரிமோட்டை கமீஸின் இடது கையில் கொடுக்கச் சொன்னேன்.
மேலே பார்க்கிற அம்பு. அமுக்குங்க.

அமுக்கினார்.
துணி இறுகியது, முதுகு மெத்தையை விட்டது.
பதினோரு வருஷமாய்த் தூக்குகிறேன்.
என்னை ஒருவர் தூக்குவது
இந்த நாட்டில் இதுதான் முதல் தடவை.
அந்தரத்தில் மெல்லச் சுற்றினேன்.
ஜன்னலில் விரல்கடை அளவு கடல்,
ஒரு தண்ணீர் லாரியின் பின்பாதி.
வலியைத் தேடினேன், வைத்த இடத்தில் காணோம்.
கண் கலங்கியதை
ரூபெல் பயம் என்று நினைத்திருப்பான்.

"கம் கிலோ?" என்றார் கமீஸ்.
சொன்னேன்.
யோசித்தார்.
"சின்னது... கடல்லயே... விட்டுடணும்."
கீழ் அம்பை அமுக்கினார்.

அவர் முறை வந்தபோது அவரே எண்ணினார்.
வாஹித். இத்னேன்.
மூன்று வாய்க்கு வரவில்லை.
காத்திருந்தோம்.
பரவாயில்லை,
மோட்டாருக்கு மூன்று தேவையில்லை.
நூற்றுப் பன்னிரண்டு கிலோவும்
யார் எலும்பின் மேலும் ஏறாமல்
நாற்காலியில் போய் உட்கார்ந்தது.
தொங்கும்போது அவர் கண்ணை மூடியிருந்தார்.
நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

டியூட்டி முடிந்து படிவத்தை எடுத்தேன்.
பெயர்: எப்சிபா.
பணி: பிசியோதெரபிஸ்ட்.
காயம் ஏற்பட்ட நாளும் நேரமும் எழுத
ஒரு சின்னக் கட்டம்.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.
எந்த நாளை எழுத?