பூட்டுக்கு அப்புறம்

கல்லல் சப்-ஜெயில் பூட்டை உடைத்தது
என் சம்மட்டிதான்.
மூன்றாவது அடியில் வாய் பிளந்தது.
உள்ளேயிருந்து வயிரவன் வந்தார்,
தோளில் தூக்கினோம்.
நல்ல பேச்சுக்காரர்.
அன்றும் பேசினார், பொழுது சாயும்வரை.

கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்:
தந்திக் கம்பியை அறுக்கவா?
ஊருணிக் கரையில் ஆள் போடவா?
கச்சேரிக் கிட்டங்கி நெல்லை
யார் அளப்பது, யாருக்கு?
அவர் கையை உயர்த்தி
"விடுதலை வந்துவிட்டது" என்றார்.
தட்டினோம். நானும்தான்,
சம்மட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு.

இருட்டியதும்
அடகுச் சீட்டைக் கொளுத்தப் போகிறோம் என்று
வட்டிக்கடைக்குப் போனவர்கள்
குத்துவிளக்கோடு வெளியே வந்தார்கள்.
உமையாள் மட்டும் வாசலை மறித்து
ஒவ்வொருவன் பேரையும்
அப்பன் பேரோடு சத்தமாகச் சொன்னாள்.
நாலு பேர்
இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.
அவளைத் தூக்க யாருக்கும் தோள் இல்லை.

விடியுமுன் மதுரையிலிருந்து லாரிகள்.
அறுக்காத கம்பி வழியாகத்தான்
சேதி போயிருக்கிறது.

வயிரவன் மறுபடி உள்ளே.
போகும்போது எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார்,
அழகாகத்தான் இருந்தது.
புதுப் பூட்டு வேண்டுமென்று
ஏட்டு என் உலைக்கு வந்தான்.
இந்தப் பக்கம் வேறு கொல்லன் இல்லை.

அடித்துக் கொடுத்தேன்.
சாவி மட்டும் ஒன்று கூடுதலாக.

ராத்திரி அதை உமையாளிடம் நீட்டினேன்.
வாங்கவில்லை.
"திறந்த மறுநாள் காலையில்
யார் எங்கே நிற்பது?
அதைச் சொல்லிவிட்டுக் கொடு."